தாத்தா பார்த்த கட்டபொம்மன்

அன்புள்ள ஐயா,

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் இந்த முறையும் கட்டபொம்மன், ஜாக்சன் துரை காட்சி உண்டு. ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு யூடியூபில் படத்தைப் போட்டுக் காட்டி, அப்படியே செய்யச் சொல்கிறேன். ஒத்திகையைப் பார்த்த என் தாத்தா, "இதை நான் சேலத்திலேயே நாடகமாகப் பார்த்தவன். அந்தக் கட்டபொம்மன் வேறு ஆள்" என்கிறார். நடிகரும் ஒருவர், வசனம் எழுதியவரும் ஒருவர். பாத்திரம் மட்டும் எப்படி வேறாகும்? எனக்கோ படமே கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கிறது. பையன்கள் எதைப் பார்த்து நடிக்கட்டும்?

வாசகி, அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள வாசகிக்கு,

சிவாஜி நாடக மன்றத்தின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முதன்முதலில் மேடையேறியதே சேலத்தில்தான், 1957 ஆகஸ்டில். பி. ஆர். பந்துலுவின் படம் 1959இல் வந்தது. இரண்டுக்கும் வசனம் சக்தி கிருஷ்ணசாமி. தாத்தாவுக்கு நினைவில் இருப்பதையெல்லாம் உடனே கேட்டு எழுதிவையுங்கள். ஒத்திகையைவிட அது அவசரம்.

மேடையில் ராஜபார்ட் (கதாநாயக வேட) நடிகர் எதிரியிடம் பேசினாலும் முகம் சபையைப் பார்த்துத்தான் இருக்கும். கடைசி வரிசைக்குக் கண் சிவப்பது தெரியாது, குரல்தான் போய்ச் சேரும். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சிறு வயதிலேயே சேர்ந்த சிவாஜிக்கு இது ரத்தத்தில் ஊறியது. கிஸ்தி (வரி) வசனத்தை இப்படி யோசித்துப் பாருங்கள். வயலில் இறங்கி என்ன வேலை செய்தாய் என்று கட்டபொம்மன் துரையைக் கேட்கிறார். அந்த வேலைகளை எல்லாம் செய்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சுதந்திரம் வந்து பத்து வருடம்தான் ஆகிறது. கேள்வி துரைக்கு, பதில் கைதட்டலாகச் சபையிலிருந்து வரும். மேடைக் கட்டபொம்மன் ஊருக்காகப் பேசுகிற ஆள். தாத்தா அந்த ஊரில் ஒருவராக உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அவர் 'வேறு ஆள்' என்று சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன்.

படத்தில் அதே கேள்வி ஜாக்சனோடு நின்றுவிடுகிறது. கேமரா சி. ஆர். பார்த்திபனின் முகத்துக்குப் போகிறது. ஒவ்வொரு சொல்லும் அந்த முகத்தில் எப்படி விழுகிறது என்று பார்க்கிறோம். நம்மை யாரும் எதுவும் கேட்கவில்லை. ராமநாதபுரத்தில், எதிரியின் இடத்தில், தனியாக வந்து மாட்டிக்கொண்ட ஒரு மனிதனைப் பார்க்கிறோம். 1798இல் நடந்த சந்திப்பு அது. மறு வருடம் அக்டோபரில் கயத்தாற்றில் அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். அந்த ஆபத்து எனக்குப் படத்தில்தான் உறைத்தது. வசனத்தில் ஒரு எழுத்துகூட மாற வேண்டாம், கேட்பவரின் முகம் தெரிந்துவிட்டால் பேசுகிறவர் வேறு ஆளாகிவிடுகிறார்.

சத்தம் பற்றிச் சொன்னீர்கள். ஜாக்சன் காட்சியில் அந்தக் குரல் எனக்குச் சரியாகவே படுகிறது, அது சபைக்கு நடுவே நடக்கிற மோதல். ஆனால் அரண்மனைக்குள், மனைவி ஜக்கம்மாவிடம் பேசும்போதும் மேடைக் குரல் விட்டுப் போகவில்லை. எஸ். வரலட்சுமி பக்கத்திலேயே நிற்கிறார், பேச்சு மட்டும் கடைசி வரிசைக்குப் போகிறது. அங்கே உங்கள் கட்சிதான் நானும்.

சுற்றியிருப்பவர்களுக்குப் படத்தில் நிறையவே கிடைத்தது. வெள்ளையம்மாளின் காளையைக் கட்டபொம்மனின் தளபதி வெள்ளையத்தேவன் அடக்குகிற காட்சியை எந்த மேடை தாங்கும்? வெள்ளையத்தேவனாக வரும் ஜெமினி கணேசனைப் போர்க்களத்துக்குப் போகாதே என்று வெள்ளையம்மாளான பத்மினி தடுக்கும்போது, கதை சிறிது நேரம் கட்டபொம்மனை மறந்தே விடுகிறது.

நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'யையும் பாருங்கள். அதுவும் நாடகமாக இருந்ததுதான், கலைஞர் எழுதியது, குண்டலகேசிக் கதையிலிருந்து வந்தது. கணவன் தன்னைத் தள்ளிவிடத்தான் மலை உச்சிக்குக் கூட்டிவந்திருக்கிறான் என்று தெரிந்த பிறகு, அவனைச் சுற்றி வருகிறாள் அமுதவல்லி. மேடையில் அவள் மனசை வசனம்தான் சொல்லியாக வேண்டும். படத்தில் மாதுரி தேவியின் முகமும் அந்த நடையுமே போதுமாக இருக்கிறது. கணவன் பார்த்திபனாக வந்த எஸ். ஏ. நடராஜனை நான் கடைசிவரை வெறுத்தது அந்த முகத்தைப் பார்த்ததால்தான். அதே படத்தில் ஜீவரேகாவாக வந்த ஜி. சகுந்தலா, பின்னாளில் 'வியட்நாம் வீடு' நாடகத்தில் சிவாஜிக்கு மனைவி சாவித்திரியாக நடித்தார். 1970இல் படமானபோது அந்த வேடம் பத்மினிக்குப் போனது. மேடைச் சாவித்திரியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று இப்போதும் எனக்கு ஏக்கம் உண்டு.

சரி, பையன்களுக்கு வருவோம். உங்களிடம் கேமரா இல்லை, மேடைதான் இருக்கிறது. அதனால் கட்டபொம்மன் சபையைப் பார்த்தே பேசட்டும், கேள்வியைப் பெற்றோர்களை நோக்கியே வீசட்டும். ஆனால் ஜாக்சன் வேடத்துக்கு வெள்ளைத்தோல் பையனைத் தேடாதீர்கள். வகுப்பிலேயே நன்றாக நடிக்கிறவனைப் போடுங்கள். அவன் நாற்காலியைப் பக்கவாட்டில் போடாமல் சபையைப் பார்க்கத் திருப்பிவையுங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தச் சொல்லுங்கள், கைதட்டல் வர இடம் வேண்டும். முடிந்தால் தாத்தாவை ஒரு ஒத்திகைக்குக் கூப்பிட்டுக் கடைசி வரிசையில் உட்காரவையுங்கள், அவர் காதுக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிடலாம்.

அன்புடன்.