கண்ணை மூடிக்கொண்டால் போதுமா?

கேள்வி: டாக்டர், புருவத்துக்கு நடுவிலும் கீழேயும் வளரும் முடியை நிரந்தரமாக எடுக்க லேசர் செய்துகொண்டேன். முதலில் கண்ணுக்கு மூடி போட்டார்கள். புருவத்தின் கீழ்ப்பக்கம் வந்ததும் இடிக்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, "கண்ணை இறுக்கி மூடிக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அன்று இரவே இடது கண்ணில் வலி, வெளிச்சம் பட்டால் கூச்சம். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்கிறார்கள். இன்று மூன்றாவது நாள். அந்தக் கண்ணின் பாப்பா வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் இழுத்த மாதிரி தெரிகிறது. பயப்படலாமா?
— பெயர் வேண்டாம் என்கிறார்

பதில்: உடனே கண் மருத்துவரைப் பாருங்கள் என்று உங்களுக்குத் தனியாக அன்றைக்கே எழுதிவிட்டேன். இங்கே எழுதுவது, இதே நாற்காலியில் அடுத்து உட்காரப் போகிறவர்களுக்காக.

முடி எடுக்கும் லேசர் முடியைத் தேடிப் போவதில்லை, மெலனின் என்ற கருநிறமியைத் தேடிப் போகிறது. முடியின் வேரில் இருக்கும் நிறமி அந்த ஒளியை உறிஞ்சிச் சூடாகும், அந்தச் சூட்டில் வேர் செத்துப்போகும். இதே மெலனின் பாப்பாவைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்ற திரையிலும் நிறைய இருக்கிறது, விழித்திரைக்கு அடியிலும் இருக்கிறது. எது முடி, எது ஐரிஸ் என்று ஒளிக்கு எப்படித் தெரியும்?

இமை தடுத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கி வேரைப் பிடிப்பதற்கென்றே செய்த ஒளி அது, உடம்பிலேயே மெல்லிய தோல் இமையின் தோல், அது எங்கே தடுக்கப் போகிறது! இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. கண்ணை மூடும்போது விழி நேராக நிற்பதில்லை, பெரும்பாலானவர்களுக்கு மேல்நோக்கிச் சுழன்றுவிடும். தூங்குகிற குழந்தையின் இமை கொஞ்சம் திறந்திருந்தால் வெள்ளை மட்டும்தானே தெரிகிறது? அதேதான். அதாவது கண்ணை இறுக்கி மூடச் சொன்னதால் உங்கள் ஐரிஸ் புருவத்துக்குப் பக்கத்தில், லேசர் முனைக்கு நேர் கீழே போய் நின்றிருக்கிறது. பாதுகாப்பு என்று சொன்னதே கண்ணைக் கொண்டுபோய் வெளிச்சத்தில் நிறுத்தியிருக்கிறது.

வலியும் கூச்சமும் ஐரிஸில் ஏற்பட்ட அழற்சியால் வருபவை. பாப்பா இழுத்துக்கொண்டிருப்பது ஐரிஸின் ஒரு பகுதி சேதமாகியிருப்பதால் இருக்கலாம், அல்லது அழற்சியில் அது பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். இதற்கு ஸ்டீராய்டு சொட்டும், ஒட்டாமல் இருக்க பாப்பாவை விரிக்கும் சொட்டும் கொடுப்பார்கள். சீக்கிரம் ஆரம்பித்தால் அழற்சி பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் பாப்பாவின் வடிவம் பழையபடி வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். சிலருக்குக் கூச்சமும் போகாமல் தங்கிவிடுகிறது. பின்னாளில் கண்புரை வரலாம் என்பதால் தொடர்ந்து பரிசோதனைக்குப் போக வேண்டும். மருந்துக்கடையில் நீங்களாகவே ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போட வேண்டாம், அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடும். அப்புறம், எந்த வகை லேசர், அதன் அலைநீளம் எத்தனை நானோமீட்டர், எவ்வளவு சக்தி வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தயங்க வேண்டாம், உங்களுக்குச் செய்த சிகிச்சையின் விவரம் அது.

புருவ எலும்பின் விளிம்புக்குக் கீழே, கண்குழிக்குள் முடி எடுக்க லேசர் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. நூலோ பிடுங்கியோ இருக்கும்போது அந்த ஒரு விரல்கடை இடத்துக்கு இத்தனை ஆபத்து எதற்கு? தழும்பு, மச்சம் என்று வேறு காரணத்துக்காக இமையிலேயே லேசர் செய்யத்தான் வேண்டும் என்றால், மரத்துப்போகும் சொட்டு விட்டு, இமைக்கு அடியில் விழியின் மேல் உலோக மூடி வைத்துச் செய்ய வேண்டும். அது மருத்துவர் கையில் நடக்க வேண்டிய வேலை.

கேள்வி: எனக்கு நல்ல கருப்புக் கண். வெளிர் நிறக் கண்களைவிட இது லேசரைத் தாங்கும்தானே?

பதில்: வெயிலுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. இங்கே தலைகீழ். நிறமி அதிகம் என்றால் உறிஞ்சுவதும் அதிகம்.

கேள்வி: அழகு சிகிச்சை நிலையத்தில் லேசர் இயக்கும் வேலை பார்க்கிறேன். மூன்று மெஷின்கள், எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடிதான். சில நேரம் வெறும் கூலிங் கிளாஸ். கண் வலி எதுவும் வந்ததில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பதில்: கேட்டது நல்லது. வலி இல்லை என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடையாதீர்கள். விழித்திரையில் வலி நரம்பு கிடையாது, சுட்டாலும் தெரியாது. பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி, நேர்கோடு வளைந்து தெரிவது, பூச்சி பறப்பது போல மிதப்பது, இப்படித்தான் தெரியவரும்.

முடி எடுக்கும் லேசர் வகைகளின் அலைநீளம் இது: அலெக்சாண்ட்ரைட் 755 நானோமீட்டர், டையோடு பெரும்பாலும் 810, என்டி யாக் 1064. மூன்றுமே விழித்திரை வரை போகும். அதிலும் 1064 கண்ணுக்கே தெரியாது, அதனால் ஆபத்து என்று உணரவும் மாட்டீர்கள். கண் சிமிட்டக் கால் நொடி ஆகும். பச்சை குத்தியதை அழிக்கும் க்யூ ஸ்விட்ச் லேசரின் ஒரு துடிப்பு ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் சில பங்குதான், சிமிட்டி என்ன பயன்? கண்ணின் லென்ஸ் வேறு, உள்ளே வரும் கற்றையைக் குவித்து விழித்திரையில் அதன் செறிவை ஒரு லட்சம் மடங்கு வரை ஏற்றிவிடும். நேரடியாகப் பட வேண்டும் என்றுகூட இல்லை. சுவர்க் கண்ணாடி, கைக்கடிகாரம், மோதிரம் எதில் பட்டுத் திரும்பினாலும் போதும்.

கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. லேசர் கண்ணாடியின் ஓரத்திலேயே எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு தடுப்பு என்று அச்சிட்டிருக்கும். ஓடி (OD) என்பது அந்தத் தடுப்பின் அளவு. ஓடி 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே வரும், ஆனால் அங்கே எழுதியிருக்கும் அலைநீளத்துக்கு மட்டும். நிறமில்லாத பிளாஸ்டிக் கண்ணாடி கார்பன் டை ஆக்சைடு லேசரைத் தடுக்கும், அதையே மாட்டிக்கொண்டு 1064 முன்னால் நின்றால் நேராக உள்ளே போகும். ஆக, மெஷினுக்கு ஒரு கண்ணாடி. கீறல் விழுந்தால் மாற்றிவிட வேண்டும். படுத்திருப்பவருக்கு வெளிச்சமே புகாத மூடி. முதலாளி வாங்கித் தரமாட்டேன் என்றால் அந்த மெஷினைத் தொடாதீர்கள், எழுதுவது எனக்குச் சுலபம், வேலையில் இருக்கும் உங்களுக்குக் கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஒருமுறை விழித்திரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: முடி எடுக்க வீட்டில் பயன்படுத்தும் ஐபிஎல் கருவி வாங்கியிருக்கிறேன். மேலுதட்டுக்குப் போடலாமா?

பதில்: ஐபிஎல் லேசர் இல்லை, பல அலைநீளங்கள் கலந்த பளீர் வெளிச்சம். ஆனால் தேடிப் போவது அதே மெலனினைத்தான், கண்ணில் பட்டால் அதே வேலையைச் செய்யும். மேலுதட்டுக்கு, கருவியின் கையேடும் உங்கள் தோல் நிறமும் அனுமதித்தால், முனையைத் தோலோடு நன்றாக அழுத்தி வைத்துப் போடலாம். கன்ன எலும்புக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். புருவத்துக்கு வேண்டாம்.