கடலைப் பார்க்கும் சமையலறை

வீடும் வாழ்வும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். என் மாமனார் விட்டுச்சென்ற மூன்று அறைக் காம்ப்மான் (கடலோர விடுமுறை வீடு) ஒன்று இங்கே மொரீஷியஸில், த்ரு-ஒ-பிஷ் கடற்கரையில் இருக்கிறது. டிசம்பர் விடுமுறையில் மாமியாரோடு சேர்த்துப் பதினான்கு பேர் அங்கே தங்குவோம். அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்தான். ஆனால் என் கணவரின் அண்ணன்மார் அறைதோறும் குளிர்சாதனமும் கூடத்துக்குத் தோல் சோபாவும் வேண்டும் என்கிறார்கள். கையில் உள்ள பணம் எல்லாவற்றுக்கும் போதாது. எதை முதலில் செய்வது?
– ஒரு வாசகி, ரோஸ்-ஹில்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு கேள்வியை முதலில் கேட்கிறேன். அந்தப் பதினான்கு பேருக்கும் சமைப்பது யார்? எங்கே நின்று சமைக்கிறார்கள்?

என் பெரியம்மா வீட்டுக் காம்ப்மானில் சமையலறை பின்பக்கம் தகரக் கூரையின் கீழ் இருந்தது. அதன் ஒரே ஜன்னல் மதில் சுவரைப் பார்த்தது. நாங்கள் முன்தாழ்வாரத்தில் அமர்ந்து, தட்டுத் தட்டாக வந்த கத்தோ-பிமான் என்னும் மிளகாய் வடையைச் சூடு ஆறுமுன் தின்றுகொண்டே கடலைப் பார்த்திருப்போம். பெரியம்மாவோ முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி அடுத்த ஈட்டுக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருப்பார். அலைச் சத்தம் அவருக்கும் கேட்டது, அலை தெரியவில்லை. ஓய்வுக்காகக் கட்டிய வீட்டில் அவர் ஒருவருக்கு மட்டும் ஓய்வில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே உறைத்தது.

ஆகவே முதல் செலவு சமையலறைக்கும், நாம் வராங் என்று சொல்லும் முன்தாழ்வாரத்துக்கும் ஆகட்டும். சமையல் மேடையைத் தாழ்வாரத்தை ஒட்டிய சுவருக்குக் கொண்டுவந்து, அந்தச் சுவரில் இடுப்புயரத்திற்கு மேல் அகலமான திறப்பு வையுங்கள். அடுப்பில் நிற்பவர் கடலையும் பார்க்கலாம், பேச்சிலும் கலந்துகொள்ளலாம். தட்டுகளை எடுத்துச் செல்ல யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் சோபாவுக்குப் பதிலாக ஒரு நீண்ட மேசையும் இரண்டு பெஞ்சும் போடுங்கள். ஏழு கறியோடு இலை போட்டுச் சாப்பிடும் நமக்கு அந்த மேசைதான் கூடம். காய் நறுக்குவதும் சீட்டாடுவதும் பிற்பகலில் பிள்ளைகள் படம் வரைவதும் அதே மேசையில்தான் நடக்கும்.

இந்த மாற்றத்தால் காற்றும் கிடைக்கும். இத்தீவில் நிலையாக வீசும் தென்கிழக்குக் காற்று, வடமேற்குக் கரையிலிருக்கும் உங்கள் வீட்டுக்கு நிலத்தின் பக்கமிருந்து, அதாவது முதுகுப்புறமாக வருகிறது. அந்தப் பக்கத்தைச் சமையலறையாலும் குளியலறையாலும் அடைத்துவிட்டு, உள்ளே புழுங்குகிறதே என்று குளிர்சாதனம் வாங்குவது பணத்தை இருமுறை செலவழிப்பதாகும். பின்சுவரில் காற்றுப் புகும் சாய்சட்டங்கள் கொண்ட சட்டக்கதவுள்ள ஜன்னல்களும் அவற்றுக்கு நேரெதிரே முன்பக்கத் திறப்புகளும் இருந்தால், அறைக்கு ஒரு மின்விசிறியோடு பெரும்பாலான இரவுகள் கழிந்துவிடும். கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் அறைக்குள் இறக்கும் என்பதால், வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சை மேற்பரப்பில் அடித்துவிடுங்கள். குளிர்சாதனம் மாமியாரின் அறைக்கு ஒன்று போதும். அதன் வெளிப்பெட்டியை உப்புக்காற்று நேராகத் தாக்காத பக்கத்தில் பொருத்துங்கள். தாழ்வாரம் மேற்கு நோக்கியிருப்பதால் மூன்று மணிக்குமேல் வெயில் கூரைக்குக் கீழே புகுந்துவிடும்; சுருட்டி ஏற்றும் மூங்கில் தட்டி அவசியம்.

தோல் சோபாவைப் பற்றி என் கருத்து உறுதியானது: வேண்டாம். ஆண்டில் பல மாதங்கள் பூட்டிக் கிடக்கும் கடலோர வீட்டில் தோலும் ஸ்பஞ்சும் ஈரத்தை இழுத்துப் பூஞ்சணம் பூக்கும். ஈரத் துணியோடு ஓடிவரும் பிள்ளைகளை அதட்டியே விடுமுறை கழியும். அகலமான மரத் திண்ணை, அதன்மேல் உறையைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயப்போடக்கூடிய பஞ்சு மெத்தை, தரையில் வாக்வாத் தாழை ஓலையில் முடைந்த பாய் ஆகியவை போதும். அலமாரிக் கதவுகள் காற்றுப் புகும் சட்டக்கதவுகளாக இருக்கட்டும். கீல், கொக்கி, திருகாணி ஆகியவற்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்: 316 என்ற தரக்குறியுள்ள எவர்சில்வரைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண இரும்புக் கீல் முதலில் செந்நிறக் கண்ணீராகச் சுவரில் வழியும், பிறகு கதவைப் பிடித்துக்கொள்ளும். புயலுக்கு முன் சாத்த வேண்டிய நேரத்தில் அந்தக் கதவு அசையாது.

நீங்கள் தங்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களே புயற்காலமும் ஆகும். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் அடித்த பிறகே நம் வீடுகள் பெருமளவில் மரத்தையும் தகரத்தையும் விட்டுக் கான்கிரீட்டுக்கு மாறின. கூரை நிலைத்தாலும் வெளியே கிடக்கும் நாற்காலி நிலைக்காது. ஆதலால் வெளிச்சாமான்கள் மடக்கக்கூடியவையாக இருப்பதும், அவற்றை உள்ளே தள்ளிப் பூட்ட ஓர் அறை இருப்பதும் முக்கியம். மின்சாரமும் குழாய்நீரும் நின்றாலும் சமாளிக்கத் தண்ணீர்த் தொட்டியும் எரிவாயு அடுப்பும் வேண்டும்.

சுவரில் கைவைக்குமுன் நிலப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். உயர்அலைக் கோட்டிலிருந்து 81.21 மீட்டர் வரையிலான, பா-ஜியோமெத்ரிக் எனப்படும் கரையோர நிலம் அரசுடையது. அங்குள்ள காம்ப்மான்கள் பல குத்தகை நிலத்தில் நிற்பவை. குத்தகை நிபந்தனைகளையும் உள்ளாட்சி அனுமதியையும் சரிபார்த்த பிறகே கொத்தனாரை அழையுங்கள்.

கேள்வி: எங்கள் காம்ப்மானுக்கு முன்னால் மணலில் பத்தாத்ரான் கொடி படர்ந்து நடக்க இடமில்லாமல் இருக்கிறது. பிடுங்கிவிட்டுப் புல்தரை போடலாமா?
– ஒரு வாசகர், புளூ பே

பதில்: பிடுங்காதீர்கள், ஐயா. நெய்தல் பாட்டுகளில் வரும் அடும்பு அதுதான். இங்கும் அதே ஊதாப் பூ, அதே பிளந்த இலை. மணலை அலையும் காற்றும் அள்ளிச் செல்லாமல் பிடித்துவைப்பது அதன் வேர். தென்கிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும் உங்கள் கரையில் புல்தரை உப்பில் கருகிப்போகும். ஓராள் நடக்கும் அகலத்துக்கு மட்டும் கொடியை ஒதுக்கி, மணல்மேல் பலகைகளைப் பரப்பிவிடுங்கள்.