தலையில் அடிபட்டவருக்கு இருமல் வராவிட்டால்: கேள்வி பதில்

சுன்னாகம்: அக்கா, தம்பி மோட்டார் சைக்கிளால விழுந்து தலையில அடி. இப்ப நினைவு திரும்பிட்டுது. தேத்தண்ணி குடுத்தா இருமலே இல்லை. அப்ப விழுங்கிறது சரிதானே?

பதில்: இருமல் இல்லை என்பதை நல்ல சேதியாக எடுக்காதேங்கோ. உள்ளே இறங்கும் துளியைக் குரல்வளையின் உட்சவ்வு உணர்ந்து, வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அனுப்பும். அங்கிருந்து கட்டளை வந்ததும் மூச்சு உள்ளே போகும், குரல்நாண்கள் ஏறத்தாழ 0.2 செக்கன் இறுக மூடும், வயிற்றுத் தசைகள் அழுத்தும், பிறகு சட்டென்று திறக்கும். மூளையில் அடிபட்டவருக்கு இதில் எந்தக் கட்டமும் பழுதாகலாம். உணர்வு மங்கினால் தேத்தண்ணி நுரையீரலுக்குள் போனாலும் ஆள் பேசாமல் இருப்பார். மெல்லிய திரவம் வேகமாக ஓடுவதால் அதிலேதான் ஆபத்து கூட. எங்கட வீடுகளில் முதலில் நீட்டுவதும் அதுதான்.

குடித்த பிறகு "ஆ" சொல்லச் சொல்லுங்கோ. குரல் ஈரமாகக் கொழகொழத்தால், மூச்சு வேகமானால், கண் கலங்கினால், காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ திரும்பத் திரும்ப வந்தால், வாயால் கொடுப்பதை நிறுத்திப்போட்டு விழுங்கல் பரிசோதனை கேளுங்கோ. சத்தமில்லாமல் இறங்குவதை வீடியோ எக்ஸ்ரேயிலோ மூக்கால விடும் கமராவிலோதான் உறுதியாகப் பார்க்கலாம்.

கொக்குவில்: தொண்டையில குச்சி வைக்க அப்பாக்கு ஓங்காளம் வந்தது. "இருமுங்கோ" எண்டாலும் இருமுறார். சாப்பாடு தொடங்கலாமோ?

பதில்: இரண்டையும் வைத்து முடிவெடுக்க ஏலாது. நல்ல சுகதேகிகள் பலருக்கே ஓங்காளம் வராது. சொல்லி இருமுவதற்கு மூளையின் மேற்படையான பெருமூளைப் புறணி வேணும். தானாக வரும் இருமலை மூளைத்தண்டே நடத்தும். ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம்.

சாவகச்சேரி: கழுத்தில ரியூப், பலூனும் ஊதி இருக்கு. எச்சில் உள்ள போகாதுதானே?

பதில்: போகும். பலூனுக்கு மேலே தேங்கி ஓரத்தால் கசியும். அதற்காக இன்னும் ஊதக்கூடாது: பலூனின் அழுத்தம் அளவுமானியில் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர் அளவில் இருக்கவேணும். அதுக்கு மேலே போனால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு இரத்தம் சரியாக ஓடாது. சளி உறிஞ்சும் குழாய் ரியூப்பின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் தடிப்பாக இருக்கக்கூடாது. வெளியே எடுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கோ, ஒரு தடவைக்கு 10 செக்கன் போதும். மூச்சை உள்ளே மட்டும் விடும் பேசும் வால்வைப் பலூன் ஊதியிருக்கும்போது ஒருநாளும் போடவேண்டாம். இழுத்த மூச்சு வெளியே போக வழி இல்லாமல் ஆள் திணறிப்போவார்.

பருத்தித்துறை: திக்கான சாப்பாடு குடுக்கச் சொன்னவை. கூழ் குடுக்கலாமோ அக்கா?

பதில்: ஒடியல் கூழ் வேண்டாம். மா திக்குத்தான், ஆனால் நண்டும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் அதற்குள் கிடக்கு. திரவமும் கட்டியும் ஒரே வாயில் வருவதைச் சமாளிப்பதுதான் மிகக் கஷ்டம். சொதி விட்ட இடியப்பமும் அப்படியே. புட்டு உதிர்ந்து தொண்டையெல்லாம் ஒட்டும்.

திக்கைக் கண்ணால் மதிக்காமல் 10 மில்லிலீற்றர் சிரிஞ்சால் அளவுங்கோ. நுனியை விரலால் மூடி, 10 வரை நிரப்பி, விரலை எடுத்து 10 செக்கனில் திரும்ப மூடுங்கோ. மிச்சம் 1 முதல் 4 மில்லிலீற்றர் என்றால் திக்கின் முதலாம் நிலை, 4 முதல் 8 இரண்டாம் நிலை, 8க்கு மேல் 10க்குக் குறைய மூன்றாம் நிலை. எந்த நிலை என்று பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லுவார். கஞ்சி ஆற ஆற இறுகும். வாயில் வைத்த கரண்டியைத் திரும்பக் கோப்பைக்குள் விட்டால் எச்சிலில் மாப்பொருள் கரைந்து இளகிவிடும். அதனால் கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்துக் கொடுங்கோ. நிமிர்ந்து இருத்தி, ஒரு தேக்கரண்டி, தொண்டை மேலெழும்பி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. தூக்கக் கலக்கமாக இருந்தால் அந்த நேரச் சாப்பாட்டை விடுங்கோ.

நெல்லியடி: அம்மாக்கு மூக்கால ரியூப். வாயால ஒண்டும் இல்லை. பிறகேன் நியூமோனியா?

பதில்: எச்சிலும், வயிற்றிலிருந்து மேலே ஏறும் பாலும். பல் துலக்காத வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு இறங்கும், ஆகவே தினம் இரண்டு தரம் மென்மையான பிரஷ், வாயில் தண்ணி ஊற்றாமல் துடைத்தெடுங்கோ. பால் ஓடும்போது கட்டில் தலைமாடு 30 முதல் 45 பாகை, முடிந்து ஒரு மணித்தியாலம் அப்படியே.

மானிப்பாய்: இரவிரவா இருமல். சிரப் குடுக்கலாமோ?

பதில்: கேட்காமல் வேண்டாம். கொடெய்னும், நித்திரை வரவைக்கும் அலர்ஜி மருந்துகளும் இருமலையும் விழிப்பையும் சேர்த்தே குறைக்கும். முதலில் எதற்கு இருமுறார் என்று பாருங்கோ: மல்லாக்கப் படுத்திருந்தால் ஒருக்களிச்சுப் படுக்கவையுங்கோ, தலைமாட்டை உயர்த்துங்கோ. இருமலோடு காய்ச்சலோ மூச்செடுக்கக் கஷ்டமோ இருந்தால் விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ.