மணி அடித்த நேரத்தை எழுதுங்கள்

கேள்வி: எங்கள் வீதி முனையில் ஒரு ரயில் கடவை இருக்கிறது. சில நாட்களில் மணி அடிக்கத் தொடங்கும்போதே ரயிலும் தெரிகிறது. சில நாட்களில் மணியே இல்லை. இரண்டு தடவை கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. அமெரிக்காவில் ரயில் பாதுகாப்பு விதி போடுவதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள் என்று அங்கே இருக்கும் அண்ணா சொல்கிறார். இங்கே எங்களைப் போன்றவர்கள் சொல்லி ஏதாவது மாறுமா?
– ஒரு வாசகி, கொழும்பு

பதில்: தங்கச்சி, உங்கள் இரண்டு கடிதங்களிலும் என்ன இருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். 'மணி அடிக்கடி பழுதாகிறது, தயவுசெய்து ஆவன செய்யவும்.' சரிதானே? ஓய்வு பெறும்வரை நான் ஒரு திணைக்களத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் வரும் முறைப்பாடுகளைச் சிங்களத்தில் ஆக்கிக் கோப்பில் சேர்ப்பது என் வேலை. 'அடிக்கடி' என்ற சொல்லை எத்தனை ஆயிரம் தடவை மொழிபெயர்த்தேனோ தெரியாது. அந்தச் சொல் இருந்த கடிதம் எதுவும் கோப்பை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கடிதம் மட்டும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. எழுதியவர் கடவைக்குப் பக்கத்தில் வண்டி போட்டுச் செவ்விளநீர் விற்பவர். மகளின் கணக்குக் கொப்பியில் கிழித்த சதுரக்கோட்டுத் தாள். ஒன்பது நாட்களுக்கு, மணி தொடங்கிய நேரம், ரயில் கடந்த நேரம், எந்தப் பக்கம் போன ரயில் என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். மூன்றாம் நாளுக்கு நேரே 'மழை. மணி இல்லை.' ஏழாம் நாளுக்கு நேரேயும் அதேதான். 'மாண்புமிகு' இல்லை, 'தாழ்மையுடன்' இல்லை, கையெழுத்துக்கூடப் பாதிதான். அதை வாசித்த பொறியியலாளர், "மழை நாளில் மட்டுமா?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். அந்த வாரமே ஆள் போனது. வயர்ப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்ததாம்.

இனி அண்ணாவின் அமெரிக்காவுக்கு வருவோம். அவர் சொன்னது உண்மை. 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஓர் அரச அமைப்பு விதி போடுவதென்றால், பொதுவாக முதலில் வரைவை வெளியிட வேண்டும். யாரும் கருத்து எழுதலாம். இறுதி விதியை வெளியிடும்போது, வந்த கருத்துகளில் முக்கியமானவற்றுக்குப் பதிலும் சொல்ல வேண்டும். எனக்குப் பெரிதாகப்படுவது அந்தப் பதில் சொல்லும் கட்டாயம்தான். கருத்துப் பெட்டி வைப்பது யாருக்கும் முடியும்.

அங்கே ரயில் ஹோன் விதி வந்த கதையைக் கேளுங்கள். எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட. காலை முதல் ரயில் ஊதும்போதே நான் கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவேன். அதனால் இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறையும் உண்டு. 1984க்குப் பிறகு புளோரிடாவில் ஒரு ரயில் பாதையோரம் பல ஊர்கள் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஹோன் அடிக்கத் தடை போட்டன. மக்கள் தூங்க வேண்டுமே. 1990இல் கணக்குப் பார்த்தால், அந்தக் கடவைகளில் இரவு விபத்துகள் 195 சதவீதம் கூடியிருந்தன, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அடுத்த வருடமே அவசர உத்தரவு போட்டுத் தடையை நீக்கினார்கள். நாடு முழுவதற்குமான விதிக்கு 2000இல் வரைவு வந்தது. ஊர் ஊராகக் கூட்டம் வைத்தார்கள். உயிர் போகிறது என்றவர்களும் வந்தார்கள், தூக்கம் போகிறது என்றவர்களும் வந்தார்கள். 2005இல் நடைமுறைக்கு வந்த விதியில் இரண்டு பக்கத்துக்கும் இடம் இருக்கிறது. கடவையை அடைய 15 முதல் 20 வினாடிக்கு முன் ஊத வேண்டும்: இரண்டு நீளம், ஒரு குறுகல், ஒரு நீளம். சத்தம் 96 டெசிபலுக்குக் குறையக் கூடாது, 110ஐத் தாண்டவும் கூடாது. ஊர்க்காரர் தங்கள் கடவைக்குக் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு செய்தால் ஹோன் இல்லாத பகுதியாக்கலாம்.

அதற்காக அங்கே எல்லாம் மக்கள் சொல்படி நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ரயிலில் இரண்டு பேராவது பணியில் இருக்க வேண்டும் என்ற விதியை 2016இல் முன்மொழிந்தார்கள். வந்த கருத்துகளில் பெரும்பாலானவை ஆதரவு. இருந்தும் 2019இல் கைவிட்டார்கள். 2022இல் மறுபடி எடுத்து, 2024இல்தான் விதியாக்கினார்கள்.

இங்கே அப்படி வரைவு காட்டிக் கருத்துக் கேட்கும் பொதுவான கட்டாயம் சட்டத்தில் இல்லை. எங்கள் புகையிரதக் கட்டளைச் சட்டம் 1902ஆம் ஆண்டினது. ஆனால் பதில் சொல்ல வைக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். விண்ணப்பிக்கக் காசு இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லவும் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமானால் 48 மணித்தியாலத்தில். பதில் வராவிட்டால் மேன்முறையீடு, அப்புறம் தகவல் உரிமை ஆணைக்குழு.

'ஆவன செய்யவும்' என்பதை விட்டுவிட்டுக் கேள்வியாகக் கேளுங்கள். இந்தக் கடவையில் கடந்த ஒரு வருடத்தில் பதிவான பழுதுகள் எவை, கடைசியாகப் பரிசோதித்த திகதி எது, மணி தொடங்கி ரயில் வரக் குறைந்தது எத்தனை வினாடி இருக்க வேண்டும், அதை எந்த விதி சொல்கிறது. அமெரிக்காவில் அது 20 வினாடி. இங்கே எத்தனை என்று எழுத்தில் வந்தால், உங்கள் கொப்பிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் பொதுமனுக் குழுவுக்குப் போகலாம். விதியே இல்லை என்று பதில் வந்தால் இன்னும் நல்லது, மனுவில் என்ன கேட்பது என்று தெரிந்துவிடும். கணக்கெடுக்கும்போது கடவைக்கு வெளியே நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டுச் சண்டை பிடிப்பது பிறகு.

கேள்வி: இப்படியான கடிதங்களைத் தமிழில் எழுதினால் தாமதமாகும் என்கிறார்களே?
– வத்தளை வாசகர்

பதில்: தமிழும் அரசகரும மொழி. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெற அரசியலமைப்பு உரிமை தருகிறது. தமிழில் கடிதம் வராவிட்டால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்றுதான் அடுத்தமுறை கேட்பார்கள். அந்தப் பேச்சை நான் காதால் கேட்டிருக்கிறேன். எழுதுங்கள் ஐயா.

கேள்வி: எங்கள் பக்கக் கடவைக் காவலர் எந்நேரமும் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறார். படம் எடுத்து இணையத்தில் போடலாமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. பொலிஸ் மூலம் ஆள் எடுத்துப் பல கடவைகளில் காவலுக்கு விட்டார்களே, அவர்களுக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. உங்கள் காவலருக்கு இப்போது என்ன கிடைக்கிறது, எத்தனை மணித்தியாலம் வேலை, ரயில் வருவதை அவருக்கு யார் சொல்கிறார்கள் என்று முதலில் போய்க் கேளுங்கள். அந்தத் தொலைபேசியில் அவர் பார்ப்பது அடுத்த ரயில் எங்கே நிற்கிறது என்பதாகவும் இருக்கலாம். போகும்போது ஒரு பிளேன் ரீ வாங்கிக்கொண்டு போங்கள்.