டிஸ்க் கோல்ஃப் தட்டில் இறுகிய சேறும் மரப்பிசினும்: எப்படி எடுப்பது?

வணக்கம். டிஸ்க் கோல்ஃப் (கூடையை நோக்கி பிளாஸ்டிக் தட்டை எறியும் விளையாட்டு) தட்டின் விளிம்பில் உள்பக்கம் சேறு இறுகிவிட்டது, மேலே மரப்பிசின், ஆனால் முத்திரை (தட்டின்மேல் அச்சிட்ட படமும் எழுத்தும்) அழியக்கூடாது, எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் சுரண்டாதீர்கள். சேற்றிலுள்ள மணல்தான் பிளாஸ்டிக்கைக் கீறும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு 15 நிமிடம் ஊறவையுங்கள். சேறு இளகியதும் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். கொதிநீரும் டிஷ்வாஷரும் வேண்டவே வேண்டாம். சூட்டில் தட்டு நெளிந்தால் பறக்கும் போக்கே மாறிவிடும்.

பிசினுக்கு சோப்பு மட்டும் போதாது. பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பிசின்மேல் மட்டும் ஒற்றி எடுங்கள். மார்க்கரில் எழுதிய பெயரையும் அது அழித்துவிடும், கவனம். முத்திரையை ஒட்டிய பிசின் என்றால் சமையல் எண்ணெய் தடவி, 10 நிமிடம் கழித்துத் துடைத்து, சோப்பு நீரில் நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை மிஞ்சினால் பிடி வழுக்கும். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். முத்திரை முழுக்கப் போய்விடும்.