லோவர் பண்ணிய காரில் புஷ் கிழிந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: கொக்குவிலில் இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கராஜில் கட்டை ஸ்பிரிங் போட்டுக் காரைத் தாழ்த்தினேன். இப்போது பள்ளத்தில் இறங்கினால் கிறீச் என்று சத்தம். முன் ஆர்ம் புஷ் (சில்லைப் பிடிக்கும் ஆர்ம் காரின் உடலோடு இணையும் இடத்தில் உள்ள ரப்பர்) ஒன்று கிழிந்துவிட்டது. கராஜ்காரர் “லோவர் பண்ணினால் அப்படித்தான்” என்கிறார். பில் இல்லை. வழக்குப் போடலாமா?

பதில்: தம்பி, வழக்கைப் பிறகு பார்ப்போம், முதலில் திகதியைப் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, சேவை தந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். உங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரு மாதம்தான். எங்கே கொடுப்பது என்பதை அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

அதே சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்வேன் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் உண்டு. ஆகவே “அப்படித்தான்” என்று கைவிரிக்க முடியாது. ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் பொல்ட்டை இறுக்கியதும் அசையாமல் பிடிபட்டுவிடும். காரை உயர்த்திச் சில்லு தொங்கும்போதே இறுக்கினால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும். ஓட ஓடக் கிழியும். சில்லுகள் நிலத்தில் நின்று பாரம் ஏறிய பிறகு, பொல்ட்டுகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்குவதே முறை.

இதை நிரூபிக்க இப்போதே ஒரு வழி இருக்கிறது. அவசரப்பட்டுப் புதுப் புஷ் போட்டுவிடாதீர்கள். கிழியாத புஷ் ஒன்றில், உள்குழாயையும் அதைப் பிடித்திருக்கும் தகட்டையும் சேர்த்து வெள்ளைக் கோடு ஒன்று போடச் சொல்லுங்கள். கார் நிலத்தில் நிற்கும்போதே வேறொரு மெக்கானிக் பொல்ட்டைத் தளர்த்தட்டும். முறுகியிருந்த ரப்பர் விடுபட்டுக் கோடு விலகினால், இறுக்கிய விதம் பிழை. அதை வீடியோ எடுத்து, மெக்கானிக்கிடம் திகதியிட்ட எழுத்தும் வாங்குங்கள். கிழிந்த புஷ்ஷைக் கழற்றினால் எறிந்துவிடாதீர்கள். பழைய கார் என்றால் “ரப்பர் ஏற்கெனவே வெடித்திருந்தது” என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும்.

பில் இல்லாதது பெரிய இடி அல்ல. வாட்ஸ்அப் செய்தி, வங்கியில் பணம் போட்ட சிட்டை எல்லாம் சான்றுதான். பிறகு கராஜ்காரருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்.

சிறு தொகைப் பிணக்கு நேரே நீதிமன்றம் போகாது. முதலில் மத்தியஸ்த சபை. அங்கே இணங்காவிட்டால் வழக்கு. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. புஷ், கூலி, வீல் எலைன்மென்ட் செலவைக் கேட்கலாம். ஸ்பிரிங் காசைக் கேட்காதீர்கள், தாழ்த்தச் சொன்னது நீங்கள்தானே.

அப்புறம், காரைத் தாழ்த்தியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே அறிவியுங்கள்.