தேக்குக் கடைக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் தேக்கு ஃபர்னிச்சர் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக வியாபாரம் மந்தம். அடக்க விலையில் 30 லட்சத்துக்குச் சரக்கு நிற்கிறது. வங்கியில் 20 லட்சம் சிசி (சரக்கை ஈடாகக் காட்டி எடுக்கும் கடன்), முழுவதும் எடுத்தாயிற்று. வீட்டை அடமானம் வைத்து 15 லட்சம் வாங்கி, சோபா, மாடுலர் கிச்சன் என்று கடையை விரிவாக்கலாமா?

பதில்: வேண்டாம் சார். நிற்கிற சரக்கை முதலில் பணமாக்குங்கள்.

சிசி வட்டி 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 80,000 ரூபாய் அடக்கமுள்ள செதுக்குவேலைக் கட்டில் சும்மா நிற்பதற்கே மாதம் 800 ரூபாய் வட்டி. இரண்டு வருடத்தில் 19,200. அதை இன்றைக்கே 5,000 நஷ்டத்தில் தள்ளிவிடுவது எவ்வளவோ மேல். (அந்தக் கட்டில்மேல் உங்களுக்கு ஆசை இருக்கும், தெரியும்.) நாள்பட்ட சரக்கை வங்கி ஈடாக ஏற்காமல் விட்டால், சிசியில் எடுக்கக்கூடிய தொகையும் குறைந்துவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் தள்ளுபடி என்றால் கூட்டம் வரும். அப்போது பழையதைக் கழித்தால் ஆவணி முகூர்த்தத்துக்குக் கையில் காசு இருக்கும். தள்ளுபடியை பில்லிலேயே காட்டுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி குறைத்த விலைக்குத்தான்.

கை இறுக்கமான காலத்தில் வீட்டுக்காரர்கள் முதலில் தள்ளிப்போடுவது கட்டில், சோபாவைத்தான். வாங்குகிறவர்களும் ஆன்லைனில் விலை பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பெங்களூருவில் 2022-லேயே ஐகியா என்ற பெரிய வெளிநாட்டு ஃபர்னிச்சர் கடை வந்துவிட்டது. சோபாவிலும் மாடுலரிலும் அவர்களோடு விலையில் மோதி உங்களால் தாக்குப்பிடிக்க முடியாது.

உங்கள் பலம் மரம். ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை) ஓரம் ஊதி, லேமினேட் பிரிந்துவிடும். நல்ல தேக்கு நிற்கும். அங்கே காட்டேஜ், ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களைப் போய்ப் பாருங்கள். மே மாதக் கோடை சீசனுக்கு ஜனவரியிலேயே ஆர்டர் பிடிக்க வேண்டும். பழைய கட்டில், நாற்காலிக்கு ரிப்பேர், பாலிஷ் வேலையும் எடுங்கள். ஆசாரி கூலி, பாலிஷ் செலவு தவிரப் பெரிய முதல் தேவையில்லை. ஒன்று மட்டும்: பாதி அட்வான்ஸ் வராமல் மரத்தை அறுக்காதீர்கள். 'சீசன் முடிந்ததும் தருகிறேன்' என்று கேட்பார்கள், இளகிவிடாதீர்கள்.

கடை வாடகையைக் குறைக்கச் சொல்லி உரிமையாளரிடம் இப்போதே பேசுங்கள். சிசி பாக்கி 12 லட்சத்துக்கு இறங்கிய பிறகு சோபாவைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வது என்ற பேச்சில் இரண்டு செட் மட்டும் வாங்கி வைத்துப் பாருங்கள்.